சரி தம்பி, பிக்னிக்தான்

எங்கள் சைக்கிள் குழுவில் என் பயணப் பதிவுக்கு வந்த அந்தக் கமெண்ட்டைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை அதையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்னொரு குழுவில் போட்டு, கீழே வரிசையாகச் சிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்:

"அக்கா, நாலு நாளில் 152 கிலோமீட்டரா? நடந்தே போயிருக்கலாமே. போக வர ரயில் வேறு. இதை டூர் என்று சொல்லாதீர்கள், பிக்னிக் என்று சொல்லுங்கள்."

சரி தம்பி. பிக்னிக்தான். இப்போது அந்த பிக்னிக் எந்த இடத்தில் நடந்தது என்று கேட்கிறீர்களா?

நான் போனது ஸ்ப்ரேவால்ட். பெர்லினிலிருந்து தென்கிழக்கே ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த இடத்துக்கு வந்ததும் ஸ்ப்ரே ஆறு, ஆறாக இருப்பதையே விட்டுவிடுகிறது. பனியுகம் முடிந்தபோது உருகி ஓடிய நீர் விட்டுப்போன தட்டையான நிலம் அது, சரிவு என்று சொல்லவே ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் போவது என்று தண்ணீருக்கே தெரியாமல் நூற்றுக்கணக்கான ஓடைகளாகப் பிரிந்து, ஆல்டர் மரக் காட்டுக்குள் நுழைந்து, சுற்றிச் சுற்றி, கடைசியில் ஒன்று கூடிக்கொண்டு பெர்லின் பக்கம் நடையைக் கட்டுகிறது. எல்லா ஓடைகளையும் கால்வாய்களையும் நீட்டி வைத்து அளந்தால் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். அங்கே காலங்காலமாக வாழும் சோர்பியர்கள் தங்கள் மொழியில் அந்த இடத்தைச் சதுப்புகள் என்றுதான் சொல்கிறார்கள். ஊர்ப் பலகைகளில் ஜெர்மன் பெயருக்குக் கீழே அவர்கள் மொழிப் பெயரும் இருக்கும். ஒவ்வொரு பலகையிலும் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதற்கு ஆன நேரத்தையும் என் சராசரி வேகத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆறே அவசரத்தைக் கைவிட்ட இடத்தில் நான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போனேன் என்பதுதான் உங்கள் கவலை.

அங்கே வேகமாகப் போக முடியாது, தம்பி. விருப்பம் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அடுத்த பேச்சு, முதலில் முடியாது. இரண்டாம் நாள் காலை உள்காட்டில் ஒரு மரப்பாலம் வந்தது. கீழே படகு போக வேண்டும் என்பதற்காக அந்தப் பாலங்களைக் கூன் விழுந்த முதுகு மாதிரி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஏறப் படிகள், இறங்கவும் படிகள். ஓரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக ஒரு பலகை, என் உள்ளங்கை அகலம் இருந்தால் அதிகம். பின்னால் இரண்டு பக்கமும் பை, மேலே மழைக்கோட்டும் கூடாரமும். டயரைப் பலகையில் நிறுத்தினால் பை கைப்பிடிக் கம்பியில் இடிக்கிறது, பையை விலக்கினால் டயர் நழுவுகிறது. இரவு மழையில் பலகை வேறு வழுக்கல். நான்காவது படியில் நான் மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நின்றபோது, பின்னாலிருந்து யாரோ கேரியரைப் பிடித்துத் தூக்கினார்கள். திரும்பினால் எழுபது வயதுக்குக் குறையாத ஒரு பாட்டி. ஒரு வார்த்தை பேசவில்லை. உச்சிக்குப் போனதும் மூச்சு வாங்கினார், தலையை ஆட்டிவிட்டுத் தன் சைக்கிளை எடுக்கக் கீழே போனார். ஓடிப்போய் அதை ஏற்ற நான் கை கொடுத்தேன். அந்த நேரத்தில் ஒரு தட்டைப் படகு பாலத்துக்கு அடியில் சத்தமே இல்லாமல் நுழைந்தது. படகுக்காரர் நீளமான கழியைத் தண்ணீரில் ஊன்றி, குனிந்து, நிமிர்ந்து போய்விட்டார். தூரத்தையும் வேகத்தையும் அளக்க என் போனில் இருந்த ஆப் அந்தப் பாலத்துக்கு என்ன கணக்கு எழுதியது தெரியுமா? "தானாக நிறுத்தப்பட்டது."

இப்படி அன்றைக்கு மட்டும் எத்தனை பாலம் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அதற்கும் ஒரு கமெண்ட் வந்திருக்கும்.

பாலம் இல்லாத இடத்தில் மணல். இந்தப் பக்கமெல்லாம் சேர்ந்த பிராண்டன்பர்க் மாநிலத்தைப் பழைய காலத்தில் பேரரசின் மணல் புட்டி என்று கேலி செய்வார்களாம், எழுதிய மை காய்வதற்குத் தூவுவார்களே, அந்தப் புட்டி. பைன் காட்டுப் பாதையில் இறங்கினால் கேலியின் அர்த்தம் புரியும். முன் சக்கரம் மணலில் ஏர் மாதிரி உழும். ஹேண்டில் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன், அப்புறம் இறங்கித் தள்ளினேன். ஒரு முறை விழுந்தேன். அந்தப் படத்தை நான் போடவில்லை, போட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது. அடிபட்டால்தானே டூர்.

"அக்கா, வேகமாகப் போவதும் ஒரு அனுபவம்தானே" என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டிருந்தார். ஆமாம், அனுபவம்தான். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் படுத்துத் தூங்கி எழுந்து ஓட்டுகிறவர்கள். 1891-ல் ஆரம்பித்த சமாச்சாரம் அது. அவர்களைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடத் தோன்றும். அவர்களில் ஒருவர்கூட என்னிடம் நடந்தே போகலாமே என்று சொன்னதில்லை. சொல்வதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் 60 கிலோமீட்டர் போய்விட்டு, நாள் பூராவும் அதன் வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருக்கும் ஆட்கள்தான். (இது நியாயமில்லாத வரி என்று தெரியும். அழிக்க மாட்டேன்.)

ரயில் விஷயம். ரயிலில் போனது ஏமாற்று வேலையாம். யாரை ஏமாற்றினேன்? என் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுத்து, சைக்கிள் படம் போட்ட பெட்டியில் ஏற்றித்தான் போனேன். பெர்லின் புறநகரின் லாரிகளுக்கு நடுவே அரை நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியிருந்தால் மட்டும் காடு கூடுதலாகப் பச்சையாக இருந்திருக்குமா?

பேட்டரி சைக்கிளையும் ஒருவர் இழுத்திருக்கிறார். என்னுடையதில் பேட்டரி இல்லை, அது போகட்டும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான்கைந்து வருடம் முன்பு ஒரு பெரியவர் பேட்டரி சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனபோது நானும் மனதுக்குள், ஏன் வாய்விட்டே, சிரித்திருக்கிறேன். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம் வந்தால் உதவி நின்றுவிடும், அதற்கு மேல் அவர் காலேதான் மிதிக்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவரை அடுத்த திருப்பத்தில் பார்த்தேன். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிற்காமல் போனேன். யார் டூர் போனார்கள் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

ஸ்ப்ரேவால்டைச் சுற்றி ஏறக்குறைய 260 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. வெள்ளரிக்காய்ப் பாதை என்று பெயர், அந்தப் பகுதியின் ஊறுகாய் வெள்ளரிக்குப் பெரிய பேர். வழிகாட்டிப் பலகையில் ஒரு வெள்ளரிக்காய் சைக்கிள் ஓட்டுகிறது, அதுவும் சிரித்துக்கொண்டு. அதனிடம் யாரும் சராசரி வேகம் கேட்பதில்லை. என்னிடம்தான் கேட்கிறார்கள்.

ஏன் என்னிடம் என்றும் சொல்லிவிடுகிறேன், வந்தது வந்தாகிவிட்டது. குழுவில் போன மாதம் ஒரு தம்பி ஐந்து நாளில் 170 போய்விட்டு "நிதானமான பயணம்" என்று படம் போட்டார். எல்லோரும் இதயம் போட்டார்கள். நானும் போட்டேன். அவருக்கு நிதானம், எனக்கு பிக்னிக். எங்கள் வீட்டில் சைக்கிள் அண்ணனுக்கு, எனக்குக் கேரியர். நான் சைக்கிள் கற்றுக்கொண்டது 33 வயதில், இந்த ஊருக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் ஒரு கார் நிறுத்துமிடத்தில். கணவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவார், என் மகள் ஓரமாக உட்கார்ந்து "அம்மா, முன்னால் பார்" என்று கத்துவாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது, அவளுக்கு ஏற்கெனவே ஓட்டத் தெரியும். அந்த நிறுத்துமிடத்திலிருந்து 152 கிலோமீட்டருக்கு எனக்குப் பதின்மூன்று வருடம் ஆகியிருக்கிறது. சராசரி வேகத்தை நீங்களே வகுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதற்கும் அந்தக் கமெண்ட்டுக்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். மூன்றாம் நாள் ஒரு சின்ன ஓடை. தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. காட்டு இலை ஊறிய நிறம் என்று நினைத்துப் படம் எடுத்தேன். கரையில் தூண்டில் போட்டிருந்தவர் சிரித்துவிட்டு, இலை இல்லையம்மா, இரும்பு என்றார். ஆறு வரும் வழியில், மேல்பக்கம் இருக்கும் லௌசிட்ஸ் பகுதியின் பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கசிந்து வரும் இரும்பு, துருவாகிப் படிகிறது. அங்கே இன்னும் ஓடும் சுரங்கங்கள் நிலத்தடியிலிருந்து இறைத்து ஊற்றும் தண்ணீரும் சேர்ந்துதான் இத்தனை காலம் ஸ்ப்ரே நிறைந்து ஓடியிருக்கிறது. ஜெர்மனி நிலக்கரியை 2038-க்குள் நிறுத்தப் போகிறது, நிறுத்தவும் வேண்டும். ஆனால் இறைப்பது நின்றால், வறண்ட கோடை மாதங்களில் சில இடங்களில் ஸ்ப்ரேயின் தண்ணீர் 75 சதவீதம் வரை குறையலாம் என்று நாட்டின் சுற்றுச்சூழல் அலுவலகம் 2023-ல் சொல்லியிருக்கிறது. அழுக்காக்கியதும் சுரங்கம்தான், ஓட வைத்ததும் சுரங்கம்தான். இதைக் கேட்டுக்கொண்டு அந்த ஓடைக்கரையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மீன் எதுவும் மாட்டவில்லை. மணிக்கு 30-ல் போயிருந்தால் இதெல்லாம் காதில் விழுந்திருக்குமா?

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவு நீளமா" என்று அடுத்த கமெண்ட் வரும், தெரியும். ஜோக்தான் தம்பி. நானும் முதலில் சிரிப்பு எமோஜிதான் போட்டேன், போய்ப் பாருங்கள், இன்னும் இருக்கிறது.

செப்டம்பரில் மறுபடி போகிறேன். ஸ்ப்ரேவால்டுக்குள் இருக்கும் லேடே கிராமத்துக்கு இன்றும் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை தபால் வருவது படகில்தான். போன தடவை அதைத் தவறவிட்டேன், இந்த முறை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் என்று திட்டம், இருபத்தைந்தாகவும் குறையலாம். ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, எனக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று.