படத்தின் அடியில் பெயர் இருக்கிறது

நேற்றிலிருந்து சுற்றும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சன்னலோரம், கையில் மூக்குக்கண்ணாடியோடு ஒரு முதியவர். மேலே ஒரு வரி: 'பெயர் தெரியாத துறவி பொழுதுபோக்காக வரைந்தது'.

அவர் துறவி இல்லை. பெயர் தெரியாதவரும் இல்லை. சைமன் பெனிங். பிளாண்டர்ஸின் (இன்றைய பெல்ஜியம்) புரூஜ் நகரத்தில், கையால் எழுதிய பிரார்த்தனை ஏடுகளுக்குப் படம் தீட்டிப் பிழைத்தவர். அடியில் லத்தீனில் அவரே எழுதியிருக்கிறார்: அலெக்சாந்தரின் மகன் சைமன் பெனிங், 75 வயதில் தன்னைத் தானே வரைந்தது, 1558. அந்த அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் பெயர் தெரியாது என்றால் எப்படி?

சொன்னேன். 'ஒரு படத்துக்கு இவ்வளவு கோபமா?' என்று பதில் வந்தது. ஆமாம், கோபம்தான்.

போன வருடம் அந்தப் படத்தை அதே அளவில் நகல் எடுக்க உட்கார்ந்தேன். உயரம் எட்டரை சென்டிமீட்டர்தான், விளையாடும் சீட்டு ஒன்றின் அளவு. இருப்பதிலேயே மெல்லிய தூரிகை, உருப்பெருக்கிக் கண்ணாடி, எல்லாம் இருந்தது. நெற்றிச் சுருக்கத்துக்கு வந்ததும் மூச்சு விட்டாலே கோடு நடுங்கியது. அரை மணி நேரத்தில் கண்ணில் நீர் வழிய எழுந்துவிட்டேன். எனக்கு 43 வயது. அவர் 75 வயதில் வரைந்திருக்கிறார். இதையா பொழுதுபோக்கு என்கிறீர்கள்?

'துறவிகளும் வரைந்தார்கள்தானே?' வரைந்தார்கள். முந்தைய நூற்றாண்டுகளில் மடங்களில் நிறையவே. பெனிங் காலத்துப் புரூஜில் இது கைவினைஞர்கள் சங்கம் வைத்து நடத்திய தொழில். அவர் அப்பாவும் இதே வேலைக்காரர். இவர் அந்தச் சங்கத்துக்கு மூன்று முறை தலைவர். அச்சு இயந்திரம் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் ஜெர்மனியின் திருச்சபைத் தலைவர் கர்தினால் ஆல்பிரெக்ட் போன்றவர்கள் இவரிடம் ஏடு கேட்டு வந்தார்கள் என்றால் சும்மாவா? 'பட்டறையில் பலர் கை பட்டிருக்குமே' என்கிறார் இன்னொருவர். பட்டிருக்கும், சரி. அதற்காக இருக்கிற பெயரையும் அழிக்க வேண்டுமா?

அவர் மகள் லெவினா டீர்லிங்கை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. இங்கிலாந்துக்குப் போய், எட்டாம் ஹென்றி தொடங்கி எலிசபெத் வரை நான்கு பேர் ஆட்சியில் அரண்மனை ஓவியர். 1546இல் ஹென்றி அவருக்கு வைத்த ஆண்டுச் சம்பளம் 40 பவுண்டு. ஹென்றியின் புகழ்பெற்ற அரண்மனை ஓவியர் ஹோல்பைனுக்குக் கொடுத்ததே 30தான். இன்றைக்கு அவர் கையெழுத்தோடு ஒரு படம்கூட நம்மிடம் இல்லை.

அப்பா எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெட்டியதைத் திரும்பச் சேர்த்துப் போடுங்கள்.