பாதியில் நின்ற கடத்தல்

ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில், நம் திரையிடலில் ஓடிய படத்தைப் பாதியில் நிறுத்தி வேறு படம் போட்டது உங்களுக்கெல்லாம் தெரியும். அதற்கு நீங்கள் சொன்ன காரணங்களுக்குத்தான் இந்தப் பதில். "டூ மெனி குரூக்ஸ்" படத்தை நிறுத்தச் சொன்னவர் மீது எனக்குக் கோபம் இல்லை. (இருக்கிறது. ஆனாலும் நிதானமாகவே எழுதுகிறேன்.)

எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 1959-இல் மரியோ ஸாம்பி இயக்கிய பிரிட்டிஷ் படம். உருப்படியாக ஒரு திருட்டும் செய்யத் தெரியாத கும்பல், பணக்காரன் ஒருவனின் மகளைக் கடத்தப் போய், ஆள் மாறி மனைவியைத் தூக்கி வந்துவிடுகிறது. அதுவும் சவ வண்டியில். பணம் கேட்டால், தொல்லை விட்டது என்று கணவன் கைவிரிக்கிறான். இது தெரிந்ததும் அந்த அம்மாள் கும்பலுக்கே தலைவியாகி, வரிக்கு ஒளித்து அவன் பதுக்கிய பணத்தைக் கறக்கக் கிளம்புகிறார். படமே இங்கேதான் தொடங்குகிறது. இங்கேதான் விளக்கைப் போட்டார்கள்!

"துப்பாக்கிச் சண்டையே இல்லை, இதென்ன குற்றப் படம்?" ஐயா, திருடத் தெரியாத திருடர்கள்தான் படம். அந்தக் கணவனாக நடிக்கும் டெர்ரி தாமஸ் ஒரே காலையில் திரும்பத் திரும்ப அதே நீதிபதி முன் போய் நிற்கிறார். ஒவ்வொரு முறையும் கௌரவம் இன்னும் கொஞ்சம் குலைந்திருக்கும். அதற்குப் பொறுமை வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு அது கிடைக்காது.

ஆங்கிலம் புரியவில்லை என்றீர்கள். நியாயம். பெண்ணைக் கடத்துவது நகைச்சுவையா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மீதியைப் பார்க்க விட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும், அம்மா.

"கறுப்பு வெள்ளை என்றால் தூக்கம் வருகிறது." இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. என் அப்பா இதே ஊட்டியின் இந்து நகரில், கறுப்பு வெள்ளை ஃபிலிம் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஃபிலிமில் வெள்ளி உப்புக் கலவை பூசுவது இருட்டில் நடக்கும் வேலை. பகல் ஷிப்ட் முடிந்து வந்தால், வாசல் வெயிலுக்குக் கண் பழகும்வரை பேசாமல் நிற்பார். நாங்களும் பேச மாட்டோம். அந்த ஆலையை மூடியாயிற்று. யாரும் எங்களுக்காக அழ வேண்டாம். ஆனால் அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு "கறுப்பு வெள்ளையை யார் பார்ப்பது?" என்று சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பு எனக்குச் சுடுகிறது.

"ரசனை அவரவர் விருப்பம்" என்று சமாதானம் சொல்ல ஒருவர் உள்பெட்டிக்கு வந்தார். சரி. பிடிக்காதவர் எழுந்து போயிருக்கலாமே? கதவு திறந்துதான் இருந்தது. வெளியே மழை, அவ்வளவுதான். மழைக்குப் பயந்து உள்ளேயே உட்கார்ந்து, பார்க்கிறவர்களின் படத்தை நிறுத்துவது என்ன ரசனை?

பதிலுக்குப் போட்ட படத்தில் முதல் பாட்டு வருவதற்குள் ஆறு பேர் செத்தார்கள். நல்ல கைதட்டல்.