மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த புனிதர்

16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் கன்னியாஸ்திரி அவிலா தெரேசா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரோமில் சிற்பி பெர்னினி வடித்த பளிங்குச் சிலைதான். கண் செருகி, தலை பின்னால் சாய்ந்து, பரவசத்தில் கிடக்கும் பெண். அழகான சிலை, மறுக்கவில்லை. ஆனால் அவர் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு அந்தச் சிலைமீது கொஞ்சம் கோபமே உண்டு.

செபத்தில் உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்றே சில ஆண்டுகள் காத்துக் கிடந்ததாகத் தன் வரலாற்றில் அவரே எழுதுகிறார். பரவசத்தைச் சிலை வடிக்கலாம், இதை எப்படி வடிப்பது?

1535இல் அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டை விட்டுக் கிளம்பி அவிலா நகரில் கார்மேல் என்ற துறவற சபையின் மடத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் கடும் நோய். இறந்துவிட்டார் என்றே முடிவுகட்டி, மடத்தில் குழியும் தோண்டி வைத்துவிட்டார்கள். நினைவு திரும்பியபோது இமைகளில் மெழுகு ஒட்டியிருந்ததாம். அப்புறம் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உடம்பு முடங்கிக் கிடந்தது.

இந்த உடம்போடுதான் 1562இல், 47 வயதில், சொந்த ஊரிலேயே சபையின் பழைய கடும் ஒழுங்குக்குத் திரும்பும் முதல் சீர்திருத்த மடத்தைத் தொடங்கினார். மொத்தம் 17 மடங்கள். மாட்டு வண்டிபோல ஆடும் கோவேறு கழுதை வண்டி, கடன், வழக்கு, ஊர்க்காரர்களின் எதிர்ப்பு என்று எல்லாம் பட்டார். திருத்தந்தையின் தூதரே அவரை ‘ஊர்சுற்றி, அடங்காதவள்’ என்று திட்டினார். தாத்தாவோ யூத மதத்திலிருந்து மாறியவர், டொலிடோ நகரில், விசுவாசம் பிறழ்ந்தவர்களைத் தேடித் தண்டித்த திருச்சபை விசாரணை மன்றத்தின் (இன்க்விசிஷன்) தண்டனைக்கு ஆளானவர். அதே மன்றத்தின் கைக்குத்தான் பேத்தியின் தன்வரலாறும் போனது. பெண் போதிக்கக் கூடாது என்ற காலம் அது. திருச்சபையின் பெரும் போதகர்களுக்குத் தரப்படும் மறைவல்லுநர் பட்டம் அவருக்குக் கிடைக்க 1970 வரை ஆனது. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். தாமதம் என்றுதான் சொல்வேன்.

செபத்தில் தான் கண்ட தெய்வீகக் காட்சிகளை அவர் மறைக்கவில்லை, சரி. ஆனால் தன் கன்னியருக்குச் சொன்னது வேறு: சமையலறை வேலைக்குப் போகச் சொன்னால் வருந்தாதீர்கள், சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார்.

1582 அக்டோபர் 4 இரவு ஆல்பா தெ தோர்மெஸில் இறந்தார். அன்றுதான் ஸ்பெயின் புதிய நாள்காட்டிக்கு மாறியது. விடிந்தபோது தேதி அக்டோபர் 15. மணி அடிக்கக் காத்திருந்தவருக்குப் பத்து நாள் ஒரே இரவில் கழிந்துவிட்டது.