"இத எவன்வே படிப்பான்?"

ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். பேசாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

நூலகத்துக்கு வாங்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தவை மூன்று புத்தகங்கள். நாடுகள் மேல் போடப்படும் பொருளாதாரத் தடைகளின் வரலாறு ஒன்று. இடைக்கால ஐரோப்பாவில் உடல் ஊனமுற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது இன்னொன்று. மனிதன் எப்படிக் கற்கிறான் என்ற ஆய்வுகளைச் சொல்வது மூன்றாவது. பட்டியலைப் பார்த்த அண்ணாச்சி "இத எவன்வே படிப்பான்?" என்றார். கூட்டமே சிரித்தது. மூன்றையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் போட்டித் தேர்வு கைடுகளை எழுதினார்கள்.

கைடு வாங்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளின் கஷ்டம் எனக்கும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். நம் ஊர்ப் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று முடிவு செய்ய நாம் யார்?

தடைகளைப் பற்றி நமக்கு என்ன என்கிறீர்கள். காவல்கிணறு பக்கம் போகும்போது, இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியைப் பார்த்ததில்லையா? கிரையோஜெனிக் என்ஜின், அதாவது மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் ராக்கெட் என்ஜின், அந்தத் தொழில்நுட்பம் நம் கைக்கு வரக் கூடாது என்று 1992-ல் அமெரிக்கா இஸ்ரோ மேலும் ரஷ்யாவின் விண்வெளி நிறுவனமான கிளாவ்காஸ்மாஸ் மேலும் தடை போட்டது. அடுத்த வருடமே ரஷ்யா பின்வாங்கி, செய்து முடித்த என்ஜின்களை மட்டும் தருவதாகச் சொன்னது. அப்புறம் நாமே செய்து, இதே மலையடிவாரத்தில் எரித்துச் சோதித்து, 2014 ஜனவரியில் ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் பறந்தபோதுதான் சொந்த என்ஜின் ஜெயித்தது. 1935-ல் எத்தியோப்பியா மேல் படையெடுத்த இத்தாலிக்கும், ஐ.நா. சபைக்கு முன்னால் இருந்த சர்வதேச சங்கம் தடை போட்டது. ஆனால் எண்ணெயை விட்டுவைத்தது. அடுத்த மே மாதம் அடிஸ் அபாபா விழுந்தது. தடை எங்கே கடிக்கும், எங்கே கடிக்காது என்று ராதாபுரத்துப் பிள்ளை யோசித்துப் பார்க்கக் கூடாதா?

இரண்டாவது புத்தகத்துக்குத்தான் அதிகம் சிரித்தார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

என் பெரியம்மா மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கல்யாண வீட்டில் அவனைப் பின்கட்டில்தான் உட்கார வைப்பார்கள். "போன ஜென்மத்துப் பாவம்" என்று அவன் முன்னாலேயே பேசுவார்கள், கேட்கவா போகிறது என்று. அவன் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வான். இலையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான். பெரியம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

காலம் காலமாக உலகம் இப்படித்தான் என்பார்கள். அப்படி இல்லை. இடைக்கால மக்கள் ஊனத்தையெல்லாம் பாவத்தின் பலனாகத்தான் பார்த்தார்கள் என்ற எண்ணத்தை வரலாற்று ஆய்வாளர் இரினா மெட்ஸ்லர் 2006-ல் வந்த தன் நூலில் ஆதாரங்களோடு கேள்வி கேட்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பாரிஸில் பார்வையற்ற முந்நூறு பேருக்கு ஒன்பதாம் லூயி மன்னன் இல்லம் கட்டினான். நம்மிடமும் இரட்டைப் புலவர்கள் இருந்தார்கள். கண் தெரியாதவர் தோளில் கால் நடவாதவர் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் பாடினார்கள். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமல் இருந்து செந்தூரில் வாய் திறந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். சரி, கடைசி வரை பேச்சே வராத பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் இந்தக் கேள்வியே எனக்கு வந்தது.

மூன்றாவது புத்தகம் அந்தக் கைடு படிக்கிற பிள்ளைகளுக்காகவே கேட்டது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். கைடு முழுக்க மஞ்சள் மார்க்கர் போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இதை யார் சொல்வது?

விலை அதிகம் என்பீர்கள். உண்மைதான், அதிகம். ஆங்கிலத்தில் இருக்கிறது என்பீர்கள். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று மேடைக்கு மேடை சொல்வது நாம்தானே? முதல் அத்தியாயத்துக்கு ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும், அகராதி வைத்துப் படிக்கட்டும். அப்படிப் படித்தவர்களில் ஒருவர் நாளைக்குத் தமிழில் எழுதுவார். புத்தகமே கண்ணில் படாவிட்டால் யார் எழுதுவது?

"படித்த திமிர்" என்று கூட்டம் முடிந்ததும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் சொன்னார். என் காதில் விழுந்தது. அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நமக்கு இவ்வளவு போதும் என்று நம்மைப் பார்த்து வெளியூர்க்காரன் சொன்னால் சண்டைக்குப் போவோம். அதையே நம் பிள்ளைகளைப் பார்த்து நாமே சொல்லிவிட்டுச் சிரிக்கிறோம்.

பணம்தான் சிக்கல் என்றால் ஒரு புத்தகத்தின் விலையை நான் தருகிறேன். எந்தப் புத்தகம் என்று நீங்களே சொல்லுங்கள், அண்ணாச்சி.