நாடா வெட்டினால் நூலகம் ஆகிவிடுமா?

எங்கள் பக்கத்து நூலகத்தைப் புதுப்பித்துவிட்டார்களாம். முகநூலில் படம் படமாக வந்தது. பிரதம அதிதி நாடா வெட்டுகிறார், மங்கல விளக்கு ஏற்றுகிறார், முகம் தெரிகிற மாதிரிப் பளபளக்கும் தரையில் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு படத்திலாவது யாராவது உட்கார்ந்து வாசிக்க வேண்டுமே? இல்லை. ஏன் என்று நேரே போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. உட்கார்ந்து படிக்க இடமே இல்லை.

பெயர் சொல்லப் போவதில்லை. கொழும்பில் இருப்பவர்களுக்கு இப்படி ஒன்றாவது தெரிந்திருக்கும்.

முன்பு அங்கே நீளமான மரமேசைகள் இருந்தன. கீறல் விழுந்தவை, பேனாவால் பெயர் எழுதப்பட்டவை, ஆனால் ஒரு மேசையில் எட்டுப் பேர் புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கலாம். இப்போது அந்த இடத்தில் சோஃபா, பிளாஸ்டிக் புல்தரை, சுவரில் வாசிப்பின் பெருமை பற்றி மும்மொழியிலும் பெரிய எழுத்து. கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கிறது. சோஃபாவில் இருந்துகொண்டு கணிதக் கணக்கு எப்படிச் செய்வது? முழங்காலில் கொப்பியை வைத்தா?

அங்கே யார் வருகிறார்கள் என்று ஒருவராவது பார்த்தார்களா? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரண்டு அறை வீட்டில் ஐந்தாறு பேரோடு இருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். வீட்டில் தொலைக்காட்சி ஓடும், தங்கச்சி அழுவாள், விருந்தாளி வருவார். அவர்களுக்கு வேண்டியது ஒரு மேசை, நல்ல வெளிச்சம், ஒரு ஃபேன், ஒரு பிளக், சுத்தமான கழிவறை. இவ்வளவுதான். கடந்தகால வினாத்தாள் எல்லாம் இப்போது ஃபோனில்தான் இருக்கிறது. பிளக்கோ டேப் ஒட்டி மூடப்பட்டிருக்கிறது, பக்கத்தில் ‘சார்ஜ் செய்யத் தடை’.

ஏசி கதை இன்னும் மோசம். யன்னல்களை அடைத்துக் கண்ணாடி போட்டார்கள், புதுச் சீலிங் அடித்து ஃபேன்களைக் கழற்றினார்கள், ஏசி பூட்டினார்கள். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் ஏறி, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம் ஏறிய நாடு இது. அதற்குப் பிறகு சில தடவை குறைத்தார்கள், சரி. ஆனாலும் பில்லைக் கண்டு பயந்து பகலில் ஏசியை நிறுத்திவிடுகிறார்கள். காற்றும் இல்லை, ஃபேனும் இல்லை. வெயிலையும் மழையையும் கணக்கில் எடுத்துக் கட்டிடம் கட்டுவது எப்படி என்று காட்டிய ஜெஃப்ரி பாவா பிறந்த ஊரில் இது நடக்கிறது!

தமிழ்ப் புத்தகங்கள்? நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டூயி எண் வரிசையில் தமிழ் இலக்கியம் 894.811. அடுக்கிக்கொண்டே போனால் கடைசிக்குக் கிட்டத்தான் வரும், எண்ணைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசி அலுமாரி மூலையில், விளக்கு எட்டாத இடத்தில், அதிலும் கீழ்த் தட்டில் ஏன் இருக்க வேண்டும்? காலையில் பேப்பர் பார்த்துவிட்டு ஒரு நாவல் எடுத்துப் போகும் எழுபது வயது ஐயாக்கள் தரையில் குந்தித் தேடுகிறார்கள். அந்தப் பேப்பர் பகுதியையும் மாடிக்குத் தூக்கிவிட்டார்கள். பொதுக் கட்டடங்களுக்கு எல்லோரும் போய்வர வசதி வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. வாசலில் சாய்தளம் இருக்கிறதே என்பார்கள். ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இவர்கள் கட்டியதில் சக்கர நாற்காலி ஏறாது, மோட்டார் சைக்கிள்தான் ஏறும். ஏறி நிற்கிறது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதலாவது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. நூலகத்துறை படித்த எல்லோரும் இதைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பார்கள். பாவம், அவர்களிடமும் யாரும் கேட்பதில்லை. கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் கத்தலாம் என்று போனேன். “எங்களிட்டயே ஒருத்தரும் கேக்கேல்ல அண்ணா” என்றாள். கத்தல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பள்ளிக்கூடங்களிலும் இதே கூத்துத்தான். எங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பெற்றோரிடம் காசு சேர்த்து ஸ்மார்ட் போர்ட் வாங்கினார்கள். யன்னலுக்கு நேரெதிரே மாட்டினார்கள். வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது, எழுத்துத் தெரியவில்லை. திரைச்சீலையை இழுத்தால் காற்று நின்று வகுப்பு வேகுகிறது. பாதம் தரையில் படாத கதிரையில் ஆறாம் வகுப்புப் பிள்ளை, அதே அளவுக் கதிரையில் முழங்கால் மேசையில் இடிக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளை. நூலகப் புத்தகங்கள் கண்ணாடி அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றன, சாவி யாரிடம் என்பது பெரிய ரகசியம். ஒக்டோபரில் வாசிப்பு மாதம் வந்தால் மட்டும் மேடை போட்டு, இந்தக் காலப் பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று அதே பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் பேசுவார்கள்.

அடுத்த முறை கேள்விமனு கோருமுன் ஒரே ஒரு கிழமை அங்கே வந்து இருங்கள். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எந்த மூலைக்கு அடிபடுகிறார்கள், எதைத் தேடிக் கிடைக்காமல் திரும்புகிறார்கள் என்று எழுதுங்கள். அதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டாம், ஒரு கொப்பியும் பேனாவும் போதும். அதுவரைக்கும் அந்தப் பழைய மேசைகளைக் கொண்டுவந்து போடுங்கள். பின்பக்க ஸ்டோரில்தான் குவிந்து கிடக்கின்றன, விசாரித்துவிட்டேன்.