லெந்து 40 நாளா, 46 நாளா?
ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமான லெந்து 40 நாள் என்கிறது ஒரு கட்டுரை. அது தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 வருகிறதே என்று ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிடுங்கள், சரியாக வரும். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அன்று உபவாசம் இல்லை.

கட்டுரையில் விடுபட்டது ஒன்று. 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை மரபு) அல்ல, ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் காங்கிரிகேஷனல் மரபு. ஆங்கிலிக்கன்களைப் போல அச்சிட்ட ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பது அவர்கள் வழக்கமில்லை. 1947-ல் தென்னிந்திய திருச்சபை உருவானபோதுதான் இரண்டு மரபும் ஒரே சபைக்குள் வந்தன. இப்போது எங்கள் ஆலயத்தில் லெந்து வந்தால் பிரசங்க பீடத்தில் ஊதாத் துணி, ஈஸ்டருக்கு வெள்ளை. ஊதா தொங்கும்வரை எங்கள் வீட்டில் கறி எடுப்பதில்லை. ஞாயிறு விலக்கு என்று சொல்லிப் பார்த்தேன், அம்மாவிடம் எடுபடவில்லை.

அப்புறம், புத்தகத்தைப் பார்த்து ஜெபித்தால் உயிர் இருக்காது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பாவ அறிக்கையைச் சபையே சேர்ந்து சொல்லும்போது கேட்டுப் பாருங்கள்.