டேட்டா தீர்ந்தால் கேம்பில் இருப்பவர்கள் மேல் பழி போடாதீர்கள்

கென்யா, மொசாம்பிக், சாம்பியா பக்கம் சாலை வேலை, மின்தட வேலை நடக்கும் கேம்புகளுக்கு இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஒவ்வொரு கேம்பிலும் செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஒரு ஸ்டார்லிங்க் டிஷ், சில இடங்களில் இரண்டு. எல்லாவற்றின் கணக்கும் பிளானும் பில்லும் ஒரே மேசைக்கு வரும். இந்த வேலையில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு. மாதம் முடிவதற்குள் ஒரு கேம்பில் டேட்டா தீர்ந்துவிட்டால் மேலிடத்திலிருந்து வரும் முதல் உத்தரவு எப்போதும் "லேபர் வைஃபையை நிறுத்து, ராத்திரி முழுக்கப் படம் பார்க்கிறார்கள்" என்பதுதான். எதில் எவ்வளவு போனது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்டோர் யார்டில் ஒரு சிசிடிவி கேமரா, 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் கிளவுடுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. மாதத்துக்கு ஏறக்குறைய 650 ஜிபி. ஒரே ஒரு கேமராவுக்கு! இப்போது கேம்பில் 40 பேர் இருக்கிறார்கள், தினமும் ஆளுக்கு அரை மணி நேரம் வீட்டுக்கு வீடியோ கால் பேசுகிறார்கள் என்று வையுங்கள். போக 1 எம்பிபிஎஸ், வர 1 எம்பிபிஎஸ் என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும் ஒருவருக்கு 450 எம்பி, 40 பேருக்கும் சேர்த்து 18 ஜிபி. அதாவது நாற்பது குடும்பங்கள் முகம் பார்த்துப் பேசியதைவிட, ஆளில்லாத யார்டில் இரும்புக் கம்பிக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா அதிகம் தின்றிருக்கிறது. நிறுத்தப்படுவது மட்டும் வீடியோ கால்.

கேமராவோடு முடிவதில்லை. சர்வே டீம் டிரோன் பறக்கவிட்டு எடுக்கும் படம் ஒவ்வொன்றும் 8, 10 எம்பி இருக்கும், ஒரு தடவை பறந்தால் ஆயிரம் படம் சாதாரணம், லேப்டாப்பில் ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்தால் யாரும் கேட்காமலே அத்தனையும் மேலே ஏறிவிடும். அப்புறம் விண்டோஸ் அப்டேட். இது அளவு வைத்த இணைப்பு என்று நாம் சொல்லாதவரை கணினிக்குத் தெரியாது, ஊரில் ஃபைபரில் இருப்பதாக நினைத்து இறக்கிக்கொண்டே இருக்கும். இருபது லேப்டாப் இருந்தால் ஒரே அப்டேட் இருபது தடவை இறங்கும். ஒரு கணினி இறக்கியதை மற்றவை உள் நெட்வொர்க்கிலேயே பகிர்ந்துகொள்ளும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது, அதை ஒழுங்காக அமைத்து வைத்திருக்கும் கேம்ப் அபூர்வம்.

படம் பார்ப்பவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். பத்து மணி நேரம் வெயிலில் நின்றவர், பக்கத்தில் டவுன் இல்லாத இடத்தில், வேறு என்னதான் செய்வார்? அதற்கும் ஓர் அளவு வைக்கலாம், தவறில்லை. ஆனால் அளந்து பார்க்காமல் குற்றம் சாட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

தீர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பிசினஸ் பிளானில் முன்னுரிமை டேட்டா (நெரிசலிலும் வேகம் கிடைக்கும் பங்கு) முடிந்தால் சாதாரண வேகத்துக்கு இறங்கும், சமாளித்துவிடலாம். இப்போதைய லோக்கல் பிரையாரிட்டி பிளான்களில் (ஒரு நாட்டுக்குள் பயன்படும் முன்னுரிமை பிளான்கள்) டவுன்லோடு 1 எம்பிபிஎஸ், அப்லோடு 0.5 எம்பிபிஎஸ் என்று இறங்கிவிடுகிறது. ஒரு கேம்ப் முழுக்க அந்த அரை எம்பிபிஎஸ்ஸில் தொங்கினால் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்கூடத் திணறும். கூடுதல் டேட்டா வாங்கும் வசதியை ஆன் செய்தால் வேகம் குறையாது, ஆனால் பில் ஏறும். எந்த சைட்டுக்கு ஆன், எதற்கு ஆஃப் என்பதை மாதம் தொடங்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். 25ஆம் தேதி பதறிக்கொண்டு செய்கிற வேலை அல்ல அது.

நேரக் கட்டுப்பாடு விஷயம் இன்னும் மோசம். "இரவு 9 முதல் 10 வரை மட்டும் வைஃபை" என்று பல கேம்புகளில் விதி வைக்கிறார்கள். கென்யாவில் இரவு 9 மணி என்றால் தமிழ்நாட்டில் 11.30. மொசாம்பிக், சாம்பியாவில் 9 என்றால் அங்கே நள்ளிரவு 12.30. விதி போட்ட அதிகாரிக்கு அவர் அறையில் எந்நேரமும் நெட் உண்டு. கிரேன் ஓட்டும் பெரம்பலூர்க்காரர் தன் பிள்ளையை விழித்திருக்கும்போது பார்க்க வேண்டுமானால் மாலை 6.30க்கு அவருக்கு நெட் வேண்டும். இதற்குக் காசே செலவில்லை, அட்டவணையை மாற்றினால் போதும்! உள்ளூர்த் தொழிலாளர்களுக்கும் இதே நியாயம்தான், அவர்களும் கென்யாவின் துர்கானாவிலோ மொசாம்பிக்கின் டேட்டேவிலோ குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்களே.

கப்பலில் வேலை செய்பவர்களுக்கு இதில் ஒரு முன்னேற்றம் நடந்திருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2022 திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்தன. முடிந்தவரை மாலுமிகளுக்கு இணைய வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நடுக்கடலில் இருப்பவருக்குச் சரி என்றால் நடுக்காட்டில் இருப்பவருக்கும் சரிதான். தரையில் கேம்ப் போட்டு வேலை வாங்கும் நிறுவனங்கள் இதைத் தாங்களாகவே ஒரு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் முதலில் ஸ்டார்லிங்க் கணக்கு நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும். பழைய விசாட் (உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழி இணைப்பு) காலத்தில் கணக்கு யாருடையது என்ற தொல்லை கிடையாது. செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு சிக்னல் போய்த் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும், வேகமும் சொற்பம், ஆனால் ஒப்பந்தம் ஒன்று, போன் செய்யப் பொறுப்பான ஆள் ஒருவர். ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகிறது, தாமதம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டது. 2023இல் மொசாம்பிக், கென்யா, சாம்பியா என்று வரிசையாகச் சேவை தொடங்கியதும் ஒவ்வொரு சைட் மேனேஜரும் அவரவர் கார்டில், அவரவர் ஜிமெயிலில் டிஷ் வாங்கி மாட்டிவிட்டார்கள். அவசரத்துக்கு அது சரிதான். அந்த மேனேஜர் வேலையை விட்டுப் போன பிறகுதான் வலி தெரியும். டிஷ் அவர் கணக்கில் இருக்கும், அவர் விடுவித்துக் கொடுக்காமல் இன்னொரு கணக்கில் அதைச் சேர்க்க முடியாது, கார்டு காலாவதியானால் இணைப்பு நிற்கும், யார் பில் கட்டுவது என்று மூன்று நாட்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்.

ஆகவே நிறுவனத்தின் பெயரில் ஒரு பிசினஸ் கணக்கு, ஓர் ஆளுக்குச் சொந்தமில்லாத பொது மின்னஞ்சல், ஒவ்வொரு இணைப்புக்கும் சைட்டின் பெயர். இந்த மூன்றும் இல்லாமல் பத்து டிஷ்ஷை மேய்க்க முடியாது. டாஷ்போர்டில் "இணைப்பு 7" என்று இருந்தால் எது எங்கே என்று எவருக்கும் புரியாது. அதைவிட முக்கியமாக, கேம்பில் இருக்கும் ஒருவருக்காவது பயன்பாட்டைப் பார்க்கும் அனுமதி கொடுங்கள். மாற்றும் அதிகாரம் வேண்டாம், பார்த்தால் போதும். 12ஆம் தேதியே பாதி தீர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தால் அவரே போய் எந்தக் கேமரா, எந்த லேப்டாப் என்று கண்டுபிடித்துவிடுவார்.

மாற்றும் அதிகாரம் ஒன்றிரண்டு பேரிடம் இருந்தால் போதும் என்பதற்குக் காரணமும் உண்டு. 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த அதே நாளில், வயாசாட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணைய வலையமைப்பைத் தாக்கினார்கள். சரியாக அமைக்காத ஒரு விபிஎன் (தூரத்திலிருந்து உள் நெட்வொர்க்குக்குள் வரும் தனி வழி) வழியாக மேலாண்மைப் பகுதிக்குள் புகுந்து, அங்கிருந்தே பல்லாயிரக்கணக்கான மோடம்களை ஒரே வீச்சில் செயலிழக்க வைத்தார்கள். ஜெர்மனி உள்ளிட்ட மத்திய ஐரோப்பாவில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. நம் கேம்பை யார் தாக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். எல்லா சைட்டையும் ஒரே திரையில் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால், அந்தத் திரைக்கான கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குரூப்பில் போடக்கூடாது, இரண்டடுக்குப் பாதுகாப்பு இல்லாமல் விடக்கூடாது.

கேமராவை ஏன் கிளவுடில் போடுகிறார்கள் என்று யோசித்தால், பெரும்பாலும் சிஜிநாட்தான் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிரும் முறை) காரணம். ஸ்டார்லிங்க் இணைப்புக்கு வழக்கமாகத் தனிப் பொது ஐபி முகவரி கிடைக்காது, வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது, அதனால் தூரத்து அலுவலகத்தில் கேமரா பார்க்க வேண்டும் என்றதும் வைப்பவர் சுலப வழியாக கிளவுடைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். சைட்டிலேயே ஓர் என்விஆர் (கேமரா வீடியோவைச் சேமிக்கும் பெட்டி) வைத்துப் பதிவு செய்துவிட்டு, சைட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு விபிஎன் போட்டால், வேண்டும்போது மட்டும் பார்த்துக்கொள்ளலாம். பிரையாரிட்டி பிளானில் பொது ஐபி கேட்டும் வாங்கலாம். பதிவு முழுவதும் சைட்டிலேயே இருக்கும், பார்த்த நேரத்துக்கு மட்டும் டேட்டா போகும். கூடவே டிஷ்ஷுக்குப் பின்னால் நல்ல ரூட்டர் ஒன்று போட்டு, அலுவலகம் தனி, கேமரா தனி, கேம்ப் தனி என்று பிரித்துவிடுங்கள். கேம்புக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டால் அலுவலகம் எவ்வளவு தின்றாலும் அந்தப் பங்கில் கை வைக்க முடியாது.

சாலை வேலைக் கேம்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் இடத்துக்கான பிளானா, நகரும் பிளானா என்பதையும் முன்பே பாருங்கள். புது இடத்தில் இணைப்பு கிடைக்குமா என்பதும் உண்டு: 2024 நவம்பரில் நைரோபியிலும் சுற்றுப்புறங்களிலும் கொள்ளளவு நிரம்பிவிட்டது என்று புதிய இணைப்பையே நிறுத்தி வைத்தார்கள். எல்லை தாண்டினால் அந்த நாட்டில் ஸ்டார்லிங்குக்கு உரிமம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டு பட்ஜெட் போடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேம்ப் இணையத்தை ஐடி செலவில் எழுதாதீர்கள், சாப்பாடு, தண்ணீர், தங்குமிடம் இருக்கும் பக்கத்தில் எழுதுங்கள். ஐடி செலவு என்றால் முதல் வெட்டு அதற்குத்தான் விழும். கேம்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் சைட்டில் வைஃபை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், டேட்டா யார் பங்கில் போகிறது என்று கேட்டு எழுதுங்கள். ரூட்டர் அமைப்பில் உதவி வேண்டுமானால் தயங்காமல் கேளுங்கள், செய்து தருகிறேன்.